கழித்த மரமும் கிழிந்த கைலியும்

வைகையின் வடகரையில் அமைந்த செல்லூர், தறியோசையால் அறியப்பட்ட ஊர். அங்குக் கைத்தறி நிறுத்தப்பட்டால் அதன் மரத்திற்குப் பொதுவாக இரண்டு வழிகளே உள. ஒன்று அடுப்பு, மற்றொன்று பழைய மரக்கடை. மூன்றாவது வழியும் ஒன்றுண்டு. அம்மரத்தை வீட்டின் அணியாக மாற்றுவதே அது.

பிரித்த பொருளை மீண்டும் பயன்கொள்வது மதுரைக்குப் புதிதன்று. திருமலை நாயக்கர் அரண்மனையின் பல பகுதிகளை அவர்தம் பேரர் சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசென்றார் என்பர். இன்றும் காரைக்குடியில், இடிக்கப்பெற்ற செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைகளும் விற்கும் கடைகள் உள. 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில், பழைய வீடுகள் பல பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் இல்லத்தையும் ஆங்குக் காணலாம்.

நமக்குத் தூண்கள் வேண்டா. தறியின் இரண்டு மரங்கள் போதும். முதலில் ஆணிகளைப் பிடுங்கிச் செல்லும் வண்டும் உளவா எனப் பார்த்து, சில நாள் வெயிலில் இடல் வேண்டும். பழைய வண்ணப் பூச்சில் காரீயம் இருக்கக்கூடும். ஆகலின் அதனை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசெழுப்புதல் கூடாது. பூச்சில்லா மரமாயின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவினால் அதன் இழையோட்டம் தெளிவாகும். பின்னர் அதனை அலமாரித் தட்டாகவோ, படச்சட்டமாகவோ ஆக்கலாம்.

தம் ஆடையைத் தாமே தைத்து, காலணியையும் தாமே செப்பனிட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் போற்றும் நம் இல்லங்களில் கிழிந்த கைலியை எறிய மனம் வாராது. அதனைச் சாயம் போகுமளவும் தனியே துவைத்து, இருவிரல் அகலத்தில் கிழித்து, மும்மூன்றாகச் சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் மிதியடி ஆகும். தரையில் விரித்தே தைத்தல் வேண்டும். இறுக்கித் தைத்தால் அது கிண்ணமாகிவிடும்! (முதன்முறை நாம் செய்தது கிண்ணமே.)

ஒன்றை மட்டும் வலியுறுத்த விழைகின்றோம். நாடாவில் விளக்குப் பொருத்தி அழகுப்பொருளென விற்பார் உளர். அந்நாடாவை நெசவாளரிடமிருந்து விறகின் விலைக்கு வாங்கியிருப்பாராயின் அதனை மீட்பு என்று நாம் ஏற்பதற்கில்லை. உரிய விலை தருக; அதனோடு அவ்வுறுப்பின் பெயரையும் கேட்டெழுதிக் கொள்க. நாடா, தார், அச்சு, விழுது என்னும் சொற்கள் தறியோடு சேர்ந்து மறைந்து வருகின்றன. தமிழ்த்துறையார்க்கு இஃது இரட்டை இழப்பன்றோ?

நம் வீட்டுப் படச்சட்டம் ஒன்று அத்தகைய தறிமரமே. அதிலுள்ள துளை எதற்கென்று மாணவர் சிலர் வினவினர். நமக்கு விடை தெரியவில்லை. செல்லூர்ப் பெரியவர் ஒருவர் வந்தபோது அதனை விரலால் தடவிப் பார்த்து, "நாடா இழுக்கிற கயிறு ஓடின இடம்" என்றார். அவர் காட்டிய பின்னரே, துளையின் ஒருபுறம் மட்டும் கயிறு உராய்ந்து தேய்ந்திருப்பதைக் கண்டோம்.