நாற்புற ஒலியும் நாடாவும்

தாதரின் ஓரறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர் பலருக்கு ஊர்ப் பாட்டைக் கொணர்ந்து தந்தது ஒலிநாடா. அந்நாடாவில் நாற்புற ஒலியை அடக்க முயன்றோரும் உண்டு.

அமெரிக்காவில் 1969இல் சுருள் நாடாவிலும், 1970இல் எட்டுத் தட நாடாவிலும் இத்தகைய பதிவுகள் விற்பனைக்கு வந்தன. கேட்பவருக்கு முன்னே இரண்டு, பின்னே இரண்டு ஒலிபெருக்கிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தடம். தடங்கள் இருமடங்கு செலவானமையால், நாடாவில் அடங்கும் இசை பாதியாகக் குறைந்தது. ஸ்டீரியோ காசெட்டிலோ பக்கத்துக்கு இரண்டாகத் தடங்கள் நான்கே. அனைத்தையும் ஒருசேர ஒலித்தால் மறுபக்கமே இராது! புதுக் கருவியும் வாங்க வேண்டும். சிறு அறையில் அதற்கு இடமேது? சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது.

1982இல் வீட்டுக்கு வந்த டால்பி சரவுண்ட் முறை வேறு வழி கண்டது. வீடியோ நாடாவின் இரு தடங்களுக்குள்ளேயே சுற்றொலியும் கலந்திருந்தது. அதனைப் பிரித்தெடுக்கத் தனிக்கருவி உதவிற்று. அக்கருவி இல்லாதாரும் பழைய கருவியிலேயே கேட்டு மகிழ்ந்தனர். எளியவர் வீட்டுக்கும் இசைந்த முறையே நிலைபெற்றது.