பழைய டிஸ்க்கை அழிக்க என்ன அவசரம்?

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி.க்கு மாறியதும் கம்ப்யூட்டர் பறக்கிறது. அந்த ஜோரில் பழைய டிஸ்க்கை பார்மட் செய்கிறார்கள், அல்லது கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை கணினியைப் போட்டால், துவக்க டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரை. உடனே புது எஸ்.எஸ்.டி. பழுது என்று கடைக்காரரோடு தகராறு. பல நேரம் அதில் பழுதே இருக்காது. விண்டோஸ் ஓரிடத்திலும் அதைத் துவக்கும் கோப்புகள் வேறிடத்திலும் இருக்கலாம். இன்றைய கணினிகளில் இந்தக் கோப்புகள் 'இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற சிறு பகுதியில் இருக்கும். பெரும்பாலும் 100 எம்.பி.தான். பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் நிறுவினால், ஏற்கெனவே பழையதில் இருக்கும் அந்தப் பகுதியிலேயே துவக்கக் கோப்புகள் போய் உட்கார்ந்துவிடும். சி டிரைவ் எஸ்.எஸ்.டி.யில்தானே தெரிகிறது என்பது இதற்குப் பதிலாகாது.

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, எஸ்.எஸ்.டி.யின் வரிசையில் அந்தப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். குளோன் செய்திருந்தால் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். எதிலிருந்து துவங்குகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கணினியை அணைத்து, மின்இணைப்பைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டுத் துவக்கிப் பாருங்கள். இதைவிட உறுதியான சோதனை கிடையாது. அதற்கு முன், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். துவக்கத்தில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். துவங்கவில்லையென்றால் பதற வேண்டாம், கேபிளை மாட்டினால் பழையபடி ஓடும். பிறகு எஸ்.எஸ்.டி.யில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, ஃபேட்32 வடிவில் இ.எஃப்.ஐ. பகுதி உருவாக்கி, 'பிசிடிபூட்' கட்டளையால் துவக்கக் கோப்புகளை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. இதற்கு மொத்தத்தையும் அழித்து மறுபடி விண்டோஸ் போடவேண்டும் என்பவரை நம்பவேண்டாம்.

பழையதும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து பயாஸ் அமைப்புகள் அழிந்தால், கணினி பழைய விண்டோஸிலேயே துவங்கிவிடலாம். அது புரியாமல் அதில் கணக்கு எழுதிச் சேமித்தால், பாதிக் கணக்கு அங்கே, மீதி இங்கே. எனவே அழிக்கத்தான் வேண்டும், ஆனால் சோதனைக்குப் பிறகு. திரும்பவும் சொல்கிறேன், சோதனைக்குப் பிறகு. அழிக்கப் பயன்படும் டிஸ்க்பார்ட் கட்டளையில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை நம்பாதீர்கள், அது மாறக்கூடியது. கொள்ளளவைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். 'கிளீன்' என்பது பகுதி அட்டவணையைத்தான் நீக்கும். ஆதார், பான் நகல்கள் கிடந்த ஹார்டு டிஸ்க்கைக் கைமாற்றுவதானால் 'கிளீன் ஆல்' கொடுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

கடையில் செய்தால், பழைய டிஸ்க்கைத் திருப்பித் தந்ததையும் எஸ்.எஸ்.டி.யின் சீரியல் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்ற பேச்சுக்கு மயங்கினால் வாரண்டி கேட்கவும் ஆதாரம் இருக்காது. கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.