புறவட்டும் லினக்ஸும்

நோயாளி வாய் திறவாவிடின் மருத்துவர்க்கு நோயறிதல் அரிதாம். கணினியோடு இணைத்த பின்னும் திரையில் தோன்றாத எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்னும் புறவட்டும் அத்தகைய நோயாளியே. அதனை ஆராயும் முறையை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

சென்ற விடுமுறையில் யாம் நால்வர், பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குச் சென்று, முதியோர் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் ஒலிப்பதிவு செய்து ஒரு புறவட்டிற் சேமித்தோம். பாடிய மூதாட்டியருள் ஒருவர் அடுத்த திங்களே காலமாயினார். பின்னொரு நாள் ஆவடியில் நண்பர் ஒருவரது லினக்ஸ் மடிக்கணினியில் அவ்வட்டை இணைத்தபொழுது அது தோன்றவேயில்லை. அருகிருந்த ஒருவர், "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார். அவர் சொற்படி செய்திருப்பின் வட்டுப் பிழைத்திருக்கும். அம்மூதாட்டியின் குரல் மறைந்திருக்கும்.

லினக்ஸ் நம் பகுதியினர்க்குப் புதிதன்று. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்ற அரசினரின் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. அதனை உருவாக்கியவர் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார். ஆயினும் அதன் இயல்பை அறிந்து பயன்கொண்டார் சிலரே.

"தோன்றவில்லை" என்பது ஒரு சொல்லாயினும், அது மூன்று நிலைகளுள் எதனையும் குறிக்கலாம். எந்நிலையில் தடை நேர்ந்தது எனத் தெளிதலே முதற்கண் செய்யத்தக்கது.

முதல் நிலை மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரும் என்பது விதி. சுழலும் வட்டு, சுழலத் தொடங்குங்கால் மிகுதியான மின்சாரத்தை வேண்டும். ஆதலின் ஹப்பினை நீக்கி, கணினியின் துளையிலேயே நேராக இணைத்து, வேறு கம்பியையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். வட்டினுள் "டக், டக்" என்னும் ஒலி விடாது கேட்குமாயின் உடனே கழற்றிவிடுக. அஃது உறுப்பின் பழுது. மீண்டும் மீண்டும் முயலுதல் கேட்டையே மிகுவிக்கும்.

இரண்டாம் நிலை, லினக்ஸின் கருவாகிய கெர்னல் வட்டினை உணர்தல். டெர்மினலைத் திறந்து, எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் ஆணையைப் புள்ளியின்றிச் சிறிய ஆங்கில எழுத்துக்களில் இடுக. இணைந்த கருவிகளின் பட்டியல் வரும். பின்னர் டி.எம்.இ.எஸ்.ஜி. என்பதனை அவ்வாறே இடின், கெர்னல் எழுதிவைத்த நாட்குறிப்பு விரியும். அதன் இறுதி வரிகளிலே குறை பெரும்பாலும் கூறப்பட்டிருக்கும்.

மூன்றாம் நிலை கோப்பமைவைத் திறத்தல். எல்.எஸ்.பி.எல்.கே. என்னும் ஆணை, வட்டின் கொள்ளளவையும் பகுதிகளையும் காட்டும். பகுதி தெரிந்தும் கோப்புகள் தெரியாவிடின் வட்டு நலமே, பூட்டுத்தான் திறக்கவில்லை. எக்ஸ்ஃபேட் கோப்பமைவைக் கெர்னல் தானே படிக்கத் தொடங்கியது 2019-இல் வந்த 5.4-ஆம் பதிப்பிலிருந்தேயாம், பழைய மடிக்கணினிகளில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். என்.டி.எஃப்.எஸ். ஆயின், விண்டோஸில் முறைப்படி நீக்காது பிடுங்கிய வட்டில், "தூய்மையற்றது" என்னும் குறி நின்றுவிடும். அக்குறி கண்டவிடத்து லினக்ஸ் திறக்க மறுத்தலும் உண்டு.

எம் வட்டிற்கு நேர்ந்தது இதுவே. குற்றம் வட்டினதன்று, அவசரமாய்ப் பிடுங்கிய எம் கையினது. யாம் அதனை "படிக்க மட்டும்" என்னும் முறையிலே திறந்து, பதிவுகள் அனைத்தையும் வேறு வட்டிற்குப் படியெடுத்தோம். அதன் பின்னரே விண்டோஸ் கணினியில் இணைத்துப் பிழை நீக்கினோம். இவ்வரிசை மாறலாகாது: முதலிற் படியெடுத்தல், பின்னர்ப் பழுது பார்த்தல்.

அன்றிரவு அம்மூதாட்டியின் தாலாட்டை மீண்டும் கேட்டோம். இப்பொழுது அது மூவர் இல்லங்களில், மூன்று வட்டுகளில் உள்ளது. நண்பர்களே, நும் வட்டு மௌனஞ் சாதிக்குமாயின், அதனை அழிக்குமுன் அம்மௌனத்தின் காரணத்தை வினவுங்கள்.