முதல் வேலைக்குப் போகிறீர்களா? உங்களுக்குத் தெரியுமா?

● "நாளையிலிருந்து வந்துடுப்பா" என்ற வாய்ச்சொல் போதாது. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பணி நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

● மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். வேலையை விட்டுவிட்டாலோ, நீக்கப்பட்டாலோ, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "செட்டில்மென்ட்டுக்கு நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

● பத்து நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது பல இடங்களில் சர்வசாதாரணம். சட்டம் அதை ஏற்கவில்லை. வேலைக்கு வராத நேரத்துக்கு உரிய தொகையை மட்டுமே கழிக்கலாம். அபராதம் என்றால், முதலில் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அதுவும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய் ஊதியத்துக்கு அதிகபட்சம் 360 ரூபாய்.

● பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கைத் திறந்து பார்க்கும் பிள்ளைகள் பலர் பதறிப்போகிறார்கள். 15,000 ரூபாய் சம்பளத்தில் தன் பங்கு 1,800 இருக்கிறது. முதலாளி பங்கு என்ற இடத்தில் 550 மட்டுமே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களோ? இல்லை. முதலாளியும் 12 சதவீதம்தான் செலுத்துகிறார். அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடுகிறது. உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பே ஸ்லிப்பில் பிடித்த பணம் பாஸ்புக்கில் ஏறாமல் இருப்பது. மாதம் ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை மாறும்போது யு.ஏ.என். என்ற பி.எஃப். அடையாள எண்ணைப் புதிதாக வாங்காதீர்கள், பழையதையே கொடுங்கள். பத்தாண்டு பணிக்காலம் சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். சில ஆயிரத்துக்காக ஒவ்வொரு முறையும் கணக்கை முடித்துப் பணம் எடுப்பவர்கள் அதைத்தான் இழக்கிறார்கள்.

● இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பொருந்தும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு அது உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இழப்பீடு உண்டு. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்கும் உண்டு.

● கடையில் உட்காருவது உங்கள் உரிமை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதற்காகப் போராடினார்கள். 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழகமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதைச் சேர்த்தது. ஆனாலும் நம் ஜவுளிக்கடைகள் சிலவற்றில் ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் புடவைக் கட்டு இருக்கிறது, பக்கத்தில் அந்தப் பெண் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்கிறாள். இது வெட்கக்கேடு. வாடிக்கையாளராகப் போகும் நாமும் "உட்காரும்மா" என்று சொல்லலாம்.

● ஒரிஜினல் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள். 'பாண்ட்' எல்லாமே செல்லாது என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவதும் ஆபத்து. மூன்றாண்டு வேலை பார்க்காவிட்டால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

● 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகள் கூடாது.

● தமிழகத்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சில விலக்குகள் தவிர, தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். வருகைப் பதிவு, பே ஸ்லிப், அடையாள அட்டை இவற்றின் நகல்தான் நிரந்தரம் கேட்கும்போது சாட்சி. 'டெம்பரரிதானே' என்று தூக்கிப் போடாதீர்கள்.

● பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளர், அப்ரன்டிஸ் பெண்களையும் காக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

● வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழில் நிறுவனத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தொலைபேசி உதவி எண் 15100.