பாய் தைக்கும் வினைஞர்

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து நிற்பது செஞ்சிக் கோட்டை. கடலலையின் ஓசை அதனை எட்டுவதில்லை. எனினும், கடற்றுறைகள் சிலவற்றின் வாழ்வு ஒருகாலத்தில் அக்கோட்டையின் ஆட்சியோடு பிணைந்திருந்தது. பரங்கிப்பேட்டையும் தேவனாம்பட்டினமும் செஞ்சி நாயக்கர் நாட்டுத் துறைகளாய் விளங்கின. 1690-ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கில வணிகர், அந்நாளில் செஞ்சியில் வீற்றிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடமிருந்தே விலைக்குப் பெற்றனர்.

இத்துறைகளிற் துணிப்பொதிகளை ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் காற்றையே நம்பி ஓடின. காற்றைக் கைக்கொள்ளும் கருவி பாய். பழந்தமிழர் அதனை 'இதை' என்றும், அதனைத் தாங்கும் மரத்தைக் 'கூம்பு' என்றும் வழங்கினர். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. ஆதலின், பெரிய கலங்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களிற் புயற்குறி தோன்றின், அவை உடனே பாய் விரித்து ஆழ்கடல் நோக்கி விலகுதல் வேண்டும். அவ்வேளையில் பாயின் தையல் விட்டதாயின், கலம் கரையில் மோதிச் சிதறும். எனவே, மாலுமிகளின் உயிர் ஒரு நூலிழையில் நின்றது என்பது வெறும் உவமையன்று, உண்மையேயாம்.

பாய் தைத்தல் எளிய தொழிலன்று. துணியைத் தட்டையாக வெட்டி இணைத்தால் அது நல்ல பாய் ஆகாது. காற்றை ஏற்கும்பொழுது அது அளவாகக் குழிந்து நிற்றல் வேண்டும். அதற்காக ஒவ்வொரு பட்டையின் ஓரத்தையும் சிறிது வளைத்து வெட்டி இணைப்பர். நெய்த துணி, நூலோடும் திசையிற் குறைவாகவும் குறுக்குச் சாய்விற் மிகுதியாகவும் நீளும் இயல்புடையது. இவ்வியல்பை அறியாதவன் தைத்த பாய் சில நாளிலேயே உருக்குலையும். பாயின் ஓரத்தில் வடம் வைத்துத் தைப்பர். இழுப்பு மிகும் மூலைகளில் துணியை மேலும் மேலும் அடுக்கி வலுவூட்டுவர். முப்பட்டை ஊசியும், மெழுகு தேய்த்த நூலும், ஊசியைத் தள்ள உள்ளங்கையில் அணியும் தோலுறையும் அத்தொழிலாளியின் கருவிகள்.

தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றிற் பொறிகள் பொருத்தப்பட்டன. ஆயினும், இத்தொழிலின் தேவை ஒழிந்திலது. 1911-இல் தோன்றிய சென்னைப் பாய்ப்படகுக் கழகத்தார் பாய்ப்படகு விளையாட்டை வளர்த்தனர். பொறிப் படகுகளுக்கோ வெயிலும் மழையும் தாக்காதவாறு கித்தான் கூரையும் மூடுதுணியும் வேண்டும். இவற்றைத் தைப்பதற்கு உரிய ஆளைத் தேர்வது எங்ஙனம்?

முதலாவது, நல்ல வினைஞன் படகினிடம் தானே வந்து அளவெடுப்பான். ஒரே தச்சன் கட்டிய இரு படகுகளும் முற்றும் ஒத்திரா. பழைய மூடுதுணியோ நீண்டோ சுருங்கியோ இருக்கும்; அதனை அளவாகக் கொள்வது பிழையாய் முடியும். இரண்டாவது, அவன் விலை கூறுமுன் வினாக்கள் எழுப்புவான். படகு எங்கே நிற்கும்? எவ்வளவு காலம் வெயிலிற் கிடக்கும்? மழைநீர் எப்பக்கம் வழிய வேண்டும்? நீர் தேங்கினால் கித்தான் தொய்யும். உட்காற்று உலவாவிடிற் பூஞ்சை படரும். இவற்றை எண்ணியே அவன் சரிவும் காற்றுவழியும் அமைப்பான். மூன்றாவது, அவன் முன்னர்ச் செய்த வேலையைப் பார்த்தல் வேண்டும். மேற்புறத்தின் பொலிவில் மயங்காது, உட்புறத்துத் தையலைப் புரட்டிப் பார்க்க வேண்டும். துணி வலியதாயினும் நூல் வெயிலில் நைந்தால் பயன் இல்லை. பிறர் கண் செல்லாத இடத்திலும் நேர்மையாகத் தைத்தவனே தேர்ந்த வினைஞன்.

வேலை தருவோனுக்கும் கடமை உண்டு. தன் படகின் இயல்பையும் தேவையையும் மறையாது கூறுதல், துணியும் நூலும் கூலியும் நாளும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளுதல், குறைந்த விலை ஒன்றையே நோக்காதிருத்தல் ஆகியன அவன் கடமைகள். மலிவாகத் தைத்த தையல் நடுக்கடலில் விடுமாயின், மிச்சம்பிடித்த காசு அங்கே துணை நில்லாது.

திருவள்ளுவர், வினைக்கு ஏற்ற ஆளை அறிந்து அமர்த்தும் முறையைக் கூறுதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார். ஆராய்ந்து தேர்தல் ஒரு பாதி. தேர்ந்தபின் அவனை நம்பி வினையை அவன் கையில் விடுதல் மற்றொரு பாதி. அரசனுக்கு அமைச்சனைத் தேர்வதற்கும் படகுக்குப் பாய் தைப்பவனைத் தேர்வதற்கும் நெறி ஒன்றே. இவ்விரு பாதியும் சேர்ந்த இடத்திலேயே வினை சிறக்கும். கலமும் கரை சேரும்.