சிப்பியைத் தின்னும் அலமாரி!
ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று கார் தொழிற்சாலை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே கடல் இருந்தது! பாறையில் சிப்பியின் அச்சு இன்றும் இருக்கிறது.

பாறையில் பதிந்த அச்சு தப்பியது. காட்சிசாலை அலமாரியில் வைத்த சிப்பிக்குத்தான் ஆபத்து!

எலுமிச்சைச் சாறு பட்டால் சுண்ணாம்பு பொங்குமல்லவா? சிப்பியும் சுண்ணாம்புதான். ஓக் போன்ற மரங்கள் புளித்த காடியின் ஆவியை விடுகின்றன. மூடிய மர அலமாரியில் அது தங்கும். சிப்பி மேல் வெள்ளைப் பொடி பூக்கும். 1899-ல் பைன் என்ற ஆங்கிலேயர் இதை எழுதினார். அவர் கிருமிகளையும் சந்தேகித்தார், பாவம்! குற்றவாளி மரம்தான்.

ஆகவே பல காட்சிசாலைகள் இரும்பு அலமாரிக்கு மாறின. சில அலமாரிகள் தண்டவாளத்தில் உருளும். இடையில் வழி வேண்டாம், ஒட்டி நிற்கும். வேண்டும்போது தள்ளிக்கொள்ளலாம். அதே அறையில் இன்னும் எத்தனையோ சிப்பிகளுக்கு இடம்!

ஒவ்வொரு சிப்பியோடும் ஒரு சீட்டு இருக்கும். எந்தக் கடற்கரை, எந்த நாள் என்று அதில் எழுதியிருக்கும். சிப்பி பொடியானால், சீட்டு மட்டும் மிஞ்சும்.