மேஜை மேல் ஒரு மோட்டார்ப் பந்தயம்

கார்ப் பந்தயம் என்றதும் பெட்ரோல் வாடையும், டயர் கருகும் நாற்றமும், காதைப் பிளக்கும் இரைச்சலுந்தான் நம் நினைவுக்கு வரும். இப்போதோ பந்தயம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. பெட்ரோல் செலவு இல்லை. கை கால் முறியும் என்ற பயம் இல்லை. கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் ஒரு ஸ்டீரிங் சக்கரம், காலடியில் இரண்டு மூன்று பெடல்கள், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே பிரான்ஸ் தேசத்து லெமான் மைதானத்தில் நாலு சுற்று சுற்றிவிட்டு வரலாம். 'ஸிம் ரேஸிங்' என்பது இதன் பெயர்.

"பூ! விளையாட்டுத்தானே?" என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஸ்பெயின் தேசத்து லூக்காஸ் ஓர்டோன்யெஸ் என்ற இளைஞர், வீடியோ விளையாட்டு ஆடுகிறவர்களிலிருந்து நிஜப் பந்தயக்காரரைப் பொறுக்கி எடுத்த 'ஜிடி அகாடமி' போட்டியில் 2008-ல் வென்றார். 2011-ல் லெமானின் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய கார் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது! அதே போட்டியில் பிற்பாடு வென்ற யான் மார்டன்பரோவின் கதை 2023-ல் சினிமாவாகவே வெளிவந்தது.

ஆகவே உங்கள் பிள்ளை, "அப்பா, எனக்கு ஒரு டைரக்ட் டிரைவ் வீல் வேண்டும்" என்று ஆரம்பித்தால் உடனே சீறி விழாதீர்கள். உடனே பணப்பையைத் திறந்தும் விடாதீர்கள். குடும்ப பட்ஜெட்டில் பெரிய ஓட்டை போடக் கூடிய சாமான் அது. வாங்குமுன் நாலு விஷயம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

நடுவில் தரகர் இல்லை

திரையில் கார் வளைவில் திரும்பும்போது, முன் டயர்கள் ரோட்டைப் பிடிக்கும் பிடியை விளையாட்டு நிரல் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கை ஒரு மோட்டார் உங்கள் கைக்குச் சொல்லுகிறது. டயர் நன்றாகப் பிடித்திருந்தால் ஸ்டீரிங் கனக்கும். பிடி நழுவப் போகிற சமயத்தில் கை லேசாகிவிடும். கண்ணுக்குத் தெரியுமுன் கைக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் செய்தியை மோட்டாரிலிருந்து கைக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு. லாஜிடெக் ஜி29 போன்றவற்றில் பற்சக்கரங்கள் நடுவில் இருக்கின்றன. விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் கடகடவென்று சத்தம் போடும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பெல்ட் இருக்கிறது. இது வழுவழுப்பாக ஓடும். ஆனால் நுட்பமான அதிர்ச்சிகளில் கொஞ்சத்தைப் பெல்ட்டே விழுங்கிவிடும். மூன்றாவதுதான் டைரக்ட் டிரைவ். மோட்டாரின் அச்சிலேயே ஸ்டீரிங்கை மாட்டிவிடுகிறார்கள். நடுவில் தரகர் கிடையாது. மோட்டார் சொன்ன சேதி சொன்னபடியே கைக்கு வந்து சேரும்.

எத்தனை பலம் வேண்டும்?

கடைக்காரர் முதலில் சொல்லும் எண், நியூட்டன் மீட்டர். திருகும் விசையின் அளவு அது. எளிதாகப் புரிந்து கொள்ள ஒரு வழி சொல்லுகிறேன். ஸ்டீரிங்கின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 5 நியூட்டன் மீட்டர் என்றால் அதன் விளிம்பில் சுமார் மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 8 என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ. 25 என்றால் 17 கிலோ! அரிசி மூட்டையோடு மல்லுக்கு நிற்கிற மாதிரிதான்.

பற்சக்கர ஜி29-ன் பலம் 2 சொச்சம். டைரக்ட் டிரைவில் மோஸா ஆர்5 என்பது 5.5, ஃபானடெக் சிஎஸ்எல் டிடி 5, அதற்கென்று தனியாக விற்கும் பெரிய மின் பெட்டியைச் சேர்த்தால் 8, லாஜிடெக் ஜி ப்ரோ 11, பின்லாந்துக்காரர்களின் ஸிமுக்யூப் 2 ப்ரோ 25.

"அப்படியானால் 25-ஐயே வாங்கிவிடலாமே!" என்று தோன்றும். பலம் இருப்பது முழுவதையும் செலவழிப்பதற்கு அல்ல. திருவிழா ஒலிபெருக்கியைக் கடைசி வரை திருகிவிட்டால் பாட்டு கேட்காது, அலறல்தான் கேட்கும் அல்லவா? சின்ன மோட்டாரை அதன் எல்லைக்கே விரட்டினாலும் அதே கதிதான். பெரிய விசைகள் எல்லாம் ஒரே மொத்தையாகிவிடும். ரோட்டின் மேடு பள்ளம் தெரியாது. கொஞ்சம் கூடுதல் பலம் உள்ள மோட்டாரை வாங்கி, அதை அடக்கி வாசிக்க வைப்பதுதான் சாமர்த்தியம். வீட்டில் பொழுது போக்காக ஓட்டுகிறவர்களுக்கு 5 முதல் 9 வரை தாராளமாகப் போதும். தினம் மணிக்கணக்கில் பழகி, போட்டிகளில் கலந்து கொள்கிறவர்கள் 12 வரை போகலாம். அதற்கு மேலே வேண்டுமென்பவர்கள் முதலில் தோள்பட்டையைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

சம்பந்தம் பேசும் விஷயம்

மோட்டார்ப் பெட்டி வாங்குவது ஒரு சம்பந்தம் பேசுவதைப் போல. பெட்டியோடு அதன் குடும்பமே வந்து சேரும். ஒரு கம்பெனியின் ஸ்டீரிங் வளையம் இன்னொரு கம்பெனியின் பெட்டியில் பெரும்பாலும் நேராக மாட்டாது. நாளைக்கு வேறு வளையம், கியர்த் தண்டு என்று ஆசை வந்தால், அதே கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

எதில் விளையாடப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். கம்ப்யூட்டர் என்றால் கவலையில்லை. அநேகமாக எல்லாம் சேரும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்றால் உஷார்! மோஸா ஆர்5 கம்ப்யூட்டருக்கு மட்டுமே. லாஜிடெக் ஜி ப்ரோவைப் பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என்று தனித் தனியாகச் செய்கிறார்கள். ஃபானடெக்கில் எக்ஸ்பாக்ஸ் அனுமதி ஸ்டீரிங் வளையத்தில் இருக்கிறது; பிளேஸ்டேஷன் அனுமதி பெட்டியில் இருக்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

குடும்பத்தின் கௌரவத்தையும் விசாரிக்க வேண்டும். ஃபானடெக்கின் தாய்க் கம்பெனியான ஜெர்மனியின் எண்டோர் 2024-ல் கடன் தீர்க்க முடியாமல் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. அதே வருஷம் அமெரிக்காவின் கோர்ஸேர் அதை வாங்கிக் கொண்டது. சாமான் நல்ல சாமானாகவே இருக்கலாம். ரிப்பேர் என்று வந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை வருஷம் உத்தரவாதம், எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் பணம் கொடுக்குமுன் கேட்டு விடுங்கள்.

மேஜை தாங்குமா?

5 நியூட்டன் மீட்டர் வரை, கனமான நல்ல மேஜையில் இறுக்கி மாட்டிவிடலாம். அதற்கு மேல் போனால் மேஜை ஆடும். மேஜை மேல் இருக்கும் திரையும் கூட ஆடும். அப்புறம் நீங்கள் வாங்கிய நுட்பமெல்லாம் பலகையை ஆட்டுவதற்கே செலவாகும். 10-ஐத் தாண்டினால் அலுமினியச் சட்டங்களால் ஆன தனிச் சட்டகமும் அதோடு இணைந்த ஆசனமும் வேண்டியதுதான்.

உருளும் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். காரை விட நாற்காலி வேகமாகப் பின்னால் போகும்! நாற்காலிச் சக்கரங்களைக் கட்டிப் போட வேண்டும். அல்லது நாலு கால் நாற்காலிக்கு மாற வேண்டும்.

கட்டை விரல் பத்திரம்

தாய்மார்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். திரையில் கார் சுவரில் மோதினால் மோட்டார் ஸ்டீரிங்கைச் சட்டென்று முறுக்கும். கட்டை விரல் வளையத்துக்கு உள்ளே கம்பியில் கோத்திருந்தால் சுளுக்கிக் கொள்ளும். பலம் அதிகமான பெட்டியில் அதைவிட மோசமாகவும் ஆகலாம். விரலை விளிம்பின் மேலேயே வைத்துப் பழக வேண்டும். மோதப் போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். பெரிய பெட்டிகளுக்கு அவசர நிறுத்தப் பொத்தான் உண்டு. அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். குழந்தைகள் தொடுமுன் பலத்தைக் குறைத்து வைப்பது பெரியவர்கள் பொறுப்பு.

பணத்தைப் பங்கிடும் விதம்

2021-ல் சிஎஸ்எல் டிடி வெளிவந்தபோது விலை 350 யூரோ என்று விளம்பரம் செய்தார்கள். அது வெறும் மோட்டார்ப் பெட்டிக்கு மட்டும்! வளையம் தனி, பெடல் தனி, பெரிய மின் பெட்டி தனி. கல்யாணத்தில் பந்தல் செலவை மட்டும் சொன்ன கதைதான். ஆகவே முழுச் செலவையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அந்தக் காகிதத்தில் பெடலுக்குத் தாராளமாக ஒதுக்குங்கள். மலிவான பிரேக் பெடல், கால் எவ்வளவு தூரம் போயிற்று என்று அளக்கும். 'லோட் செல்' வைத்த பெடலோ கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று அளக்கும். நிஜக் காரின் பிரேக்கும் அழுத்தத்துக்குத்தான் கட்டுப்படுகிறது. தூரத்தை விட அழுத்தத்தைக் கால் நன்றாக நினைவு வைத்துக் கொள்ளும். அதனால் சுற்றுக்குச் சுற்று ஒரே மாதிரி பிரேக் போட வரும். கையில் உள்ள பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும் என்றால், பழைய ஸ்டீரிங்கை வைத்துக் கொண்டு முதலில் நல்ல பிரேக்கை வாங்கச் சொல்லுவேன்.

கடைசியாக ஒன்று. ஓர்டோன்யெஸ் வென்ற 2008-ல் டைரக்ட் டிரைவ் என்பது வீட்டுச் சாமானாகக் கடைக்கே வரவில்லை. நல்ல சக்கரம் கைக்கு உண்மையைச் சொல்லும். அதைக் கேட்டு ஓட்ட வேண்டியவர் ஓட்டுகிறவர்தான். பிள்ளை இருக்கிற பழைய சக்கரத்தில் ஆறு மாதம் சலிக்காமல் பழகினானா என்று பாருங்கள். பழகினான் என்றால், தைரியமாகக் கடைக்குப் புறப்படுங்கள். போகுமுன் மேஜையின் கால்களை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்!